குசினிச் சுவருக்கு என்ன ஒட்டுவது?

குசினியைத் திருத்த வெளிக்கிட்டால் காசு முதலில் ஓடுவது அடுப்பு வைக்கிற தட்டுக்கும் அலுமாரிக்கும்தான். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. கடைசியில் கையில் மிஞ்சின காசுக்கு எதையாவது ஒட்டிவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். நான் அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்கினேன். எண்ணெயும் மஞ்சளும் புகையும் தினமும் போய் மோதுவது அங்கேதான். ஒரு குசினி கிழடு தட்டிவிட்டது என்று முதலில் காட்டிக் கொடுப்பதும் அந்தச் சுவர்தான்.

எங்கள் வீடு விசுவமடுவில். போருக்குப் பிறகு இந்திய அரசு உதவின வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங்கட்டமாக வந்த காலத்தில் கட்டினது. அப்படிக் கட்டினவர்களுக்குத் தெரியும்: அத்திவாரம், சுவர், கூரை என்று போய்க் குசினிக்கு வரும்போது கை காலியாகிவிடும். எங்கள் குசினி எட்டடிக்கு ஏழடி. சீமெந்துக் கல்லில் சுவர், மேலே ஒரு பூச்சு, அதற்கு மேல் மலிவான வெள்ளைப் பெயின்ற். அடுப்புக்குப் பின்னால் அது வெள்ளையாக இருந்து பல வருஷம்.

இந்தச் சுவருக்கு என்ன சோதனை வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். யூரியூப்பில் வருகிற வெளிநாட்டுக் குசினிகளில் சுவருக்குப் பெரிய எதிரி தண்ணீர். சிங்க்கிலிருந்து தெறிக்கிற துளிதான் அவர்களுக்குக் கவலை. எங்களுக்கு அப்படியில்லை. குளத்து மீனைக் கழுவி, தூளும் மஞ்சளும் பிரட்டிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டுப் பாருங்கள். மீனில் இருக்கிற ஈரம் எண்ணெய்க்குள் ஒரேயடியாக ஆவியாகி வெடிக்கும். அந்த வெடிப்பில் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்தே சுவருக்குப் போகும். சூட்டில் அந்த எண்ணெய் காய்ந்து கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். சோழகம் வீசுகிற மாதங்களில் யன்னலால் வருகிற புழுதி அதன்மேல் படியும். பிறகு அம்மா வந்து தும்பும் சாம்பலும் போட்டு உரஞ்சுவார். ஆக, சூடு, எண்ணெய், மஞ்சள், புழுதி, தும்பு. இந்த ஐந்தையும் தாங்குகிற, எங்கள் காசுக்குள் அடங்குகிற பொருள் எது என்பதுதான் கேள்வி.

விலையை இங்கே எழுதப் போவதில்லை. 2020இல் டைல்ஸ் இறக்குமதிக்குத் தடை வந்தபோது உள்ளூர் டைல்ஸுக்கே காத்துக் கிடந்தோம். 2022இல் சீமெந்து பை மூவாயிரத்தைத் தொட்டது. இன்று எழுதுகிற விலை நீங்கள் வாசிக்கிற நேரம் பொய்யாகிவிடும். ஆனால் எது எதைவிட மலிவு என்கிற வரிசை அவ்வளவாக மாறுவதில்லை.

எல்லாவற்றிலும் மலிவு ஸ்ரிக்கர். டைல்ஸ் படம் போட்டது, வெள்ளிப் பேப்பர் மாதிரி மினுங்குவது என்று பலது வருகிறது. கடையில் சுருளாக நிற்கும், வீட்டுக்குக் கொண்டுவந்து உரித்து ஒட்டினால் சரி. வாடகை வீட்டில் சிங்க் பக்கத்துக்கு வேண்டுமானால் ஒட்டலாம். காஸ் அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். சூட்டில் ஓரம் கிளம்பும், கிளம்பின ஓரத்துக்குள் கரப்பான் குடியேறும். பெரிய சட்டியை வைத்தால் நெருப்பு சட்டிக்கு வெளியே நாக்கை நீட்டும். அந்த இடத்தில் எரியக்கூடிய ஒன்றை ஒட்டிவைப்பது புத்தியில்லை.

இதே காரணத்துக்காகத்தான் பிவிசி பலகையையும் விட்டேன். பார்க்க வடிவு, கழுவச் சுகம், வேலையும் கெதியில் முடியும். ஆனால் எண்பது பாகை செல்சியஸ் பக்கம் வந்தாலே பிவிசி இளகத் தொடங்கிவிடும். எரிந்தால் வருகிற புகையும் நச்சு. கிளிநொச்சியில் கடைப் பெயர்ப்பலகை அடிக்கிற இடங்களில் மிஞ்சுகிற கிளாடிங் துண்டுகளைச் சிலர் குசினிக்கு வாங்கிப் போடுகிறார்கள். வெளியே அலுமினியம் என்பதால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவில் இருப்பது பெரும்பாலும் பொலித்தீன். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேரைக் கொன்ற தீ அவ்வளவு வேகமாக ஏறியதற்கு முக்கிய காரணமே அந்த வகைத் தகடுதான். லண்டனில் இருக்கிற அண்ணனுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அவர்தான் எனக்கு அக்ரிலிக் பலகைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். அக்ரிலிக்கும் சூட்டில் இளகுகிற சாதிதான். சாம்பலும் தும்பும் பட்டால் ஒரு கிழமையில் கீறல் விழுந்து மங்கிவிடும்.

அண்ணனின் அடுத்த யோசனை கண்ணாடி. அது நல்ல பொருள், மறுக்கவில்லை. இணைப்பே இல்லாத ஒரே தளம். மஞ்சள் ஊறாது, ஒரு துடையில் போய்விடும். ஆனால் அடுப்புக்குப் பின்னால் சாதாரணக் கண்ணாடி நிற்காது, சூட்டில் வெடிக்கும். சூடேற்றிப் பதப்படுத்தின கண்ணாடிதான் வேண்டும். அதைப் பதப்படுத்தின பிறகு வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. அளவெடுத்து, சுவிட்ச் துளை எங்கே என்று குறித்து, கொழும்புக்கு அனுப்பிச் செய்து, உடையாமல் ஏ9 வழியாகக் கொண்டுவர வேண்டும். அதோடு பின்னால் இருக்கிற சுவர் நேராக இருக்க வேண்டும். எங்கள் சுவரில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் தெரியும், அது எந்தப் பக்கம் போவது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

எவர்சில்வர் தகடு பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். சாப்பாட்டுக்கடைகளில் அடிப்பதே அதுதான், சூட்டுக்கு அதற்கு மேல் ஒன்றில்லை. அடுப்புக்குப் பின்னால் மட்டும் ஒரு துண்டு அடித்தால் செலவும் தாங்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல தகடு என்று கடைகளில் சொல்வதை நம்பிப் போகாதீர்கள்: 304 என்கிற நல்ல வகையிலும் காந்தம் பிடிக்காது, நிக்கலைக் குறைத்துச் செய்கிற 201, 202 வகைகளிலும் பிடிக்காது. தகட்டில் அடித்திருக்கிற இலக்கத்தையும் பில்லையும்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இது சரிவராமல் போனது அம்மாவின் தும்பால். சாம்பல் போட்டுத் தேய்த்தால் அந்த மினுக்கம் எத்தனை நாளைக்கு நிற்கும்? "அப்ப நான் தேய்க்காம விடவோ?" என்று கேட்டார். சரி, அதோடு தகட்டுக் கதை முடிந்தது.

மிஞ்சினது மூன்று: மினுக்கின சீமெந்து, எனாமல் பெயின்ற், டைல்ஸ்.

மினுக்கின சீமெந்தை இப்போது யாரும் கேட்பதில்லை. பழைய வீட்டு நிலங்களில் சிவப்புச் சாயம் போட்டு மினுக்கியிருப்பார்களே, அதே வேலைதான். பூச்சு இறுக முதல் சீமெந்துப் பால் தடவி, இரும்புக் கரண்டியால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பது. பொருட்செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. கூலிதான், அதுவும் கைவாகு உள்ள மேசன் வேண்டும். நெருப்புக்கு அசையாது. புளிப்புத்தான் அதற்கு எமன். புளிக்கரைசலும் தேசிக்காயும் வினாகிரியும் சீமெந்தைத் தின்னும். பட்ட இடம் சொரசொரத்துப் போகும், சொரசொரத்த இடத்தில் மஞ்சள் ஏறிவிடும். ஆனால் விறகடுப்புச் சுவருக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பாலைக் கட்டை நின்றெரிகிற அடுப்போடு ஒட்டின சுவரில் டைல்ஸ் ஒட்டினால், சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கொஞ்சக் காலத்தில் பின்னால் பிடிப்பு விட்டுவிடும். எங்கள் வெளிக்குசினிச் சுவரைச் சீமெந்தாகவே விட்டது அதனால்தான். 2022 ஏப்ரலில் பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் நின்றபோது ஊர் முழுக்கச் சோறு வெந்தது விறகில்தான். அதைப் பார்த்த பிறகு வெளிக்குசினியை இடித்துவிட்டு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் அம்மா கதைக்கவே விடமாட்டார்.

எனாமல் பெயின்ற் பற்றி ஒரு எச்சரிக்கை. புதுப்பூச்சின்மேல் உடனே அடிக்காதீர்கள். பச்சைச் சீமெந்தில் காரம் இருக்கும். எனாமல் எண்ணெய்ப் பெயின்ற், அதில் இருக்கிற எண்ணெயை அந்தக் காரம் சவர்க்காரமாக்கிவிடும். உண்மையாகவே சவர்க்காரந்தான், சவர்க்காரம் காய்ச்சும்போது நடப்பதும் இதே வேலைதான். பிறகு பெயின்ற் தோல் தோலாக உரியும். ஒரு மாதம் காயவிட்டு, காரத்தைத் தாங்குகிற பிரைமர் அடித்து, அதன்மேல் மினுக்க எனாமல் இரண்டு தரம். மாரி தொடங்க முதல் இதை முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் எதுவும் காயாது. சுவரில் உவர் பூக்கிற வீடென்றால் முதலில் அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பெயின்ற்றும் கொப்புளம் போடும். சிங்க் பக்கத்துக்கு எனாமல் தாராளம். அடுப்புக்கு நேர் பின்னால் அடித்தால் சூட்டில் மஞ்சளித்துவிடும்.

ஆக, அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ். எல்லாரும் ஒட்டுவதும் அதைத்தான், இதைச் சொல்ல இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். எழுத வேண்டியிருப்பது எதை என்பதைவிட எவ்வளவு, எப்படி என்பதற்காகத்தான்.

பரந்தனிலும் கிளிநொச்சியிலும் கடைக்குக் கடை குசினி டைல்ஸ் என்று தனியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றில் முந்திரிகைக் குலை, ஒன்றில் அப்பிள் பாதி வெட்டினது, இன்னொன்றில் ஆவி பறக்கிற கோப்பிக் கோப்பை, பக்கத்தில் கோப்பிக் கொட்டை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிற வீட்டில் இந்தக் கோப்பையை ஆர் தினமும் பார்த்துக்கொண்டு நிற்பது? நான் வேண்டாம் என்றதும் கடைத்தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அக்கா, இப்ப எல்லாரும் இதுதான் எடுக்கினம்" என்றான்.

நான் கேட்டது மிச்சச் சரக்கு. ஒவ்வொரு கடையிலும் பின்பக்கம் ஒரு மூலை இருக்கும். பெரிய வீட்டுக்கு எடுத்து மிஞ்சித் திரும்பி வந்த பெட்டி, ஒரு பெட்டி ஒன்றரைப் பெட்டியாக நின்றுபோன பழைய டிசைன். ஒரு முழு வீட்டுக்குப் போதாதென்பதால் அதை யாரும் எடுப்பதில்லை. எங்கள் மாதிரிச் சின்னச் சுவருக்கு அதுதான் அளவு. விலையும் பேசலாம். எடுக்கும்போது பெட்டிமேல் அடித்திருக்கிற நிற இலக்கம் எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று பாருங்கள். ஒரே டிசைனாக இருந்தாலும் வேறு வேறு நாள் சூளையில் வெந்தது நிறத்தில் கொஞ்சம் விலகும். கடை வெளிச்சத்தில் தெரியாது, சுவரில் ஏறின பிறகு தெரியும்.

எனக்குக் கிடைத்தது அறுபதுக்கு முப்பது சென்றிமீற்றர், மங்கின சாம்பல் நிறம், பளபளப்புக் குறைவு. ஒரு முழுப் பெட்டியில் எட்டு, உடைத்த பெட்டியில் ஆறு. கறுப்புப் பளபளப்பில் ஒன்றும் இருந்தது, விலையும் குறைவு. எங்கள் கிணற்றுத் தண்ணிக்கு அது ஆகாது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு, கறுப்பு டைல்ஸில் துளி துளியாகக் காய்ந்து தெரியும். அதை எடுக்க வினாகிரி போட்டால் டைல்ஸுக்கு ஒன்றும் ஆகாது, இடையில் இருக்கிற சீமெந்து நிரப்பு அரிபடும்.

இனி ஒரு கணக்கு. கடையில் இதை 'ரெண்டுக்கு ஒண்டு' என்றுதான் சொல்வார்கள், இரண்டடிக்கு ஓரடி என்று. இரண்டடி என்பது ஏறத்தாழ அறுபத்தொரு சென்றிமீற்றர், டைல்ஸ் அறுபதுதான். ஒன்றில் ஒன்றும் தெரியாது. எட்டடிச் சுவரில் நான்கை வரிசையாக வைத்தால், இடைவெளியையும் சேர்த்தே ஓரத்தில் மூன்று சென்றிமீற்றருக்குக் கிட்ட வெறுமையாக நிற்கும். அந்த ஒற்றைவிரல் துண்டை வெட்டி ஒட்டப் போனால் பாதி உடையும், ஒட்டினாலும் வடிவிருக்காது. எட்டடிக்கும் ஒட்டச் சொல்லியிருந்தால் மேசன் அண்ணை அந்த மூலையில்தான் அரைநாள் மினக்கெட்டிருப்பார்.

அதனால் முழுச் சுவரும் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். தெறிக்கிற இடத்துக்கு மட்டும், அதுவும் முழு டைல்ஸாகவே. அடுப்பு மூலையோடு நிற்கிறது. பின்சுவரில் அகலத்துக்கு இரண்டு, உயரத்துக்கு நான்கு. பக்கச் சுவரில் அகலத்துக்கு ஒன்று, உயரத்துக்கு நான்கு. மொத்தம் பன்னிரண்டு. தட்டிலிருந்து நாலடி உயரம் போகிறது, தாளிக்கிற எண்ணெய் அதற்கு மேல் ஏறுவதில்லை. வெட்டு என்று ஒன்றுமே இல்லை. டைல்ஸ் முடிகிற ஓரத்துக்கு ஒரு அலுமினிய ஓரப்பட்டி. பெரிய டைல்ஸ் என்பதால் இணைப்பும் குறைவு. மஞ்சள் போய் உட்காருவது டைல்ஸின் கண்ணாடிப் பூச்சில் அல்ல, இணைப்பில்தான். நாலு அங்குலச் சதுரச் சதுரமாக ஒட்டுவது இப்போது பாஷன். எங்கள் சமையலுக்கு அது அத்தனை மஞ்சள் கோடு.

ஒட்டுவதற்கு முதல் டைல்ஸைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சுவர் டைல்ஸ் என்றால் பெரும்பாலும் மண் நிறமாக இருக்கும், தண்ணீரை உடனே உறிஞ்சிவிடும். நிலத்துக்குப் போடுகிற போர்சலின் என்றால் சொட்டு அப்படியே உருண்டு நிற்கும். உறிஞ்சுகிற வகையை வாளிக்குள் ஊறவைத்து, குமிழி வருவது நின்ற பிறகு சீமெந்தில் ஒட்டலாம். ஊறாமல் ஒட்டினால் அது சீமெந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், பிடிப்பு வராது. உறிஞ்சாத வகைக்குச் சும்மா சீமெந்து சரிவராது, அதற்கென்று பையில் வருகிற பசைதான் வேண்டும். மிச்சச் சரக்கில் போர்சலின் மலிவாகக் கிடைக்கிறதென்று எடுக்கிறவர்கள் பசை விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேசன் அண்ணை வந்ததும் முதலில் செய்தது உளியின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டினது. தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். இரண்டு இடத்தில் பொள்ளல் சத்தம். "ரீச்சர், பெயின்ற்றுக்கு மேல மாபிள் ஒட்டினா அது பெயின்ற்றிலதான் நிக்கும், சுவரில நிக்காது. கொத்தத்தான் வேணும்" என்றார். டைல்ஸைத்தான் அவர் மாபிள் என்பது. பொள்ளலாக இருந்த பூச்சை முழுதாக உரித்து, மற்ற இடமெல்லாம் அம்மி பொழிந்த மாதிரிக் கொத்தினார். குசினி முழுக்கத் தூசி. சாமான் சட்டியை எல்லாம் முதலே வெளியே எடுத்துவிடுங்கள், மூடி போட்டிருக்கிறோமே என்று இருக்க வேண்டாம், உப்புப் போத்தலுக்குள்ளும் போகும்.

கொத்துக்கும் திரும்பப் பூசுவதற்கும் போன கூலி டைல்ஸ் விலையைவிட அதிகம். இதை யாரும் முதலில் சொல்வதில்லை. கடையில் சதுர அடிக்கு நூறு ரூபா குறைப்பதற்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். இருபத்துச் சொச்சச் சதுர அடிக்கு அதில் மிச்சப்படுகிறது ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபா. ஒட்டுகிற பரப்பைப் பாதியாக்கினால் டைல்ஸ், கூலி, சீமெந்து மூன்றுமே சேர்ந்து குறையும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அளவில்தான். பொருளில் மிச்சம் பிடிக்கப் போனால் மூன்று வருஷத்தில் திரும்பவும் கொத்து.

இடையில் நிரப்புவதற்கு வெள்ளை வேண்டாம், கடும் சாம்பல் கேட்டேன். வெள்ளை நிரப்பு எங்கள் குசினியில் முதல் மீன்பொரியல் மட்டுந்தான் வெள்ளை. எண்ணெய் ஏறாத எப்பொக்சி நிரப்பு ஒன்றும் இருக்கிறது, நல்லதுதான், விலை பலமடங்கு. இணைப்புக் குறைவாக இருப்பதால் அது இல்லாமலே சமாளிக்கலாம். மஞ்சள் கறை வந்துவிட்டால் ஒரேயடியாக உரஞ்ச வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலில் தானாக வெளிறும். எங்கள் யன்னலால் பின்னேர வெயில் அந்தச் சுவரில் நேராக விழுவது நல்லதாய்ப் போய்விட்டது.

டைல்ஸும் தட்டும் சந்திக்கிற அடிவரிசையில் மட்டும் சீமெந்து நிரப்பு வைக்க விடவில்லை. சுவர் ஒரு பக்கம் அசையும், தட்டு வேறு பக்கம் அசையும், அந்தக் கோடு கட்டாயம் வெடிக்கும். வெடித்தால் எறும்புக்குப் பாதை. அங்கே சிலிக்கன் பிதுக்கினோம். மேசன் அண்ணைக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. "இது குளியலறைக்குப் போடுறதெல்லே" என்றார். போட்டார்.

சிங்க் பக்கத்துக்கு எனாமல் அடித்தாயிற்று, டைல்ஸின் சாம்பலோடு ஒத்துப்போகிற நிறத்தில். இரண்டும் ஒன்றில்லை என்று கிட்டப்போய்ப் பார்த்தால் தெரியும். அண்ணன் வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு, "ஏன் பாதியில நிப்பாட்டிட்டியள்?" என்று கேட்டார். காசு முடிஞ்சுது என்று அம்மா சொல்லிவிட்டார், நானும் திருத்தவில்லை. மிஞ்சின இரண்டு டைல்ஸும் அம்மாவின் அலுமாரிக்குப் பின்னால் நிற்கின்றன. எப்போதாவது ஒன்று வெடித்தால் இந்த டிசைன் பிறகு எங்கும் கிடைக்காது. எனாமல் அடுத்த மாரியோடு எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உரிந்தால் ஒரு சின்ன ரின் பெயின்ற், ஒரு சனிக்கிழமை.